நூலகத்தில் எடுத்துப் படிக்கும் நாவல்களை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்?

மாசிவீதி

எல்லோருக்கும் வணக்கம். சொந்தமாக வாங்கிய நாவல் அலமாரியில் கண்ணெதிரே நிற்கும். நூலகத்தில் எடுத்தது இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டுப் போய்விடும். சில வருடம் கழித்து ஒரு காட்சி மட்டும் மனதில் ஓடும். எந்த நாவல், யார் எழுதியது என்று பிடி கிடைக்காது. இங்கே பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

நான் நாவல் படிக்கப் பழகியதே கிளை நூலகத்தில்தான். காசு கொடுத்து வாங்கும்போது தெரிந்த பெயரையே தேடுவோம். பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்ற தயக்கம் இருக்கும். நூலகத்தில் அந்தத் தயக்கமே கிடையாது. முதல் இரண்டு பக்கத்தை நின்றபடியே படித்துப் பார்த்து, பிடித்தால் எடுத்து வரலாம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' எனக்கு அப்படிக் கிடைத்ததுதான். தடிமனான இரண்டு சரித்திர நாவல்களுக்கு நடுவே ஒடுங்கிப்போய் இருந்தது. 1964இல் வந்த நாவல். குமரிப் பக்கத்துப் பனையேறிகள், லிஸி என்கிற பெண், அவள் பெரியவளானதும் வீட்டுக்குள் அடைபடுவது. அந்த வட்டார வழக்கு முதலில் கொஞ்சம் தடுக்கியது, அப்புறம் கீழே வைக்க முடியவில்லை. கடையில் பார்த்திருந்தால் அதை நான் கையில் எடுத்திருக்கவே மாட்டேன்.

இன்னொரு சந்தோஷம், பைண்டு செய்த தொடர்கதைகள். வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைப் பிரித்துச் சேர்த்துத் தைத்து வைத்தவர்கள், பிற்பாடு நூலகத்துக்குக் கொடுத்திருப்பார்கள். எங்கள் நூலகத்தில் 'பொன்னியின் செல்வன்' ஒரு பாகம் அப்படி இருக்கிறது. முதுகில் காலிகோ துணி, உள்ளே ஓவியர் மணியத்தின் படங்கள். ஒரு பக்கத்தின் பின்னால் பாதி அறுபட்ட தலைவலித் தைல விளம்பரம். அத்தியாயம் முடிகிற இடத்தில் யாரோ பென்சிலில் தேதி எழுதியிருக்கிறார்கள். 1950இல் தொடங்கி 1954 வரை வந்த தொடர் அது. அடுத்த இதழுக்காக ஏழு நாள் காத்திருந்த ஒருவரின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே அதே அத்தியாயத்தைப் படிப்பது தனி அனுபவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். நாவல், ஆசிரியர், எடுத்த தேதி, கொடுத்த தேதி, கடைசியில் இரண்டு வரி. அவ்வளவுதான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வருடத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை வைப்பது வாசிப்பைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா?

பொன்னிக்கரை

நான் கூகுள் ஷீட்டில் போட்டு வைக்கிறேன். மேலே சொன்னதோடு பக்க எண்ணிக்கை, பதிப்பகம், எந்த நூலகம் என்று மூன்று பத்தி கூடுதல். ஐந்து பாக நாவலை ஒன்றாகக் கணக்கு வைப்பதா, ஐந்தாகவா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: ஐந்து வரி. நூலகத்தில் பாகங்கள் வரிசையாகக் கிடைப்பதில்லை. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் 'சுழற்காற்று' முடித்துவிட்டுப் போனால் மூன்றாம் பாகம் 'கொலைவாள்' வெளியே போயிருந்தது. அது திரும்பும் வரை வேறு நாவல்களைப் படித்தேன். ஷீட்டைப் பார்த்தால் அந்த இடைவெளி தெரிகிறது, நடுவில் என்ன படித்தேன் என்பதும் தெரிகிறது. எனக்கு அது வேண்டியிருக்கிறது.

நொய்யல்

எண்ணிக்கை வளர்க்கும் என்பதே என் கட்சிங்க. கல்யாணத்துக்கு முன்னால் நிறையப் படிப்பேன். இரண்டு குழந்தைகள், வேலை, மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது என்று வருடக்கணக்கில் ஒரு நாவல்கூட முழுசாகப் படிக்கவில்லை. அப்புறம்தான் மாதம் இரண்டு நாவல் என்று ஒரு கணக்கு வைத்தேன். காலண்டரில், பால் கணக்கு எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, முடித்த நாவலின் பெயரை எழுதுவேன். வீட்டில் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். "இந்த மாசம் ஒண்ணுதான் ஆச்சாம்மா?" என்று பெரியவள் கேட்பாள். அன்று ராத்திரி பாத்திரம் கழுவுகிற வேலையை அவளே எடுத்துக்கொள்வாள். எண்ணிக்கை இல்லாவிட்டால் என் படிப்புக்கு அந்த வீட்டில் நேரம் கிடைத்திருக்காது. வேலை என்று எழுதி வைத்தால்தான் மற்றவர்கள் அதை வேலையாக மதிக்கிறார்கள்.

செவ்வந்தி

நொய்யல் அக்கா சொல்வது அவர் வீட்டு நிலைமையில் முழுக்கச் சரி. ஆனாலும் மறுத்துச் சொல்ல ஒன்று இருக்கிறது.

வருடத்துக்கு ஐம்பது என்று குறி வைத்தபோது என் கை தானாகவே மெல்லிய புத்தகங்களைத் தேடத் தொடங்கியது. பூமணியின் 'அஞ்ஞாடி' எங்கள் மாவட்ட மைய நூலகத்தில் கண்ணெதிரே இருந்தது. சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல், ஆயிரம் பக்கத்துக்கு மேல். அந்த நேரத்தில் ஐந்து சின்ன நாவல்கள் முடிக்கலாமே என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டேன். குறியைக் கைவிட்ட பிறகுதான் அதை எடுத்தேன். பலமுறை புதுப்பித்துப் படித்தேன். கரிசல்காட்டின் தலைமுறைகள், பஞ்சம், கழுகுமலை, சிவகாசி என்று விரியும் அந்த உலகத்தில் வேகம் பார்த்துப் படித்தால் ஒன்றும் ஒட்டாது. யார் யாருக்கு என்ன உறவு என்று தனித்தாளில் எழுதிக்கொண்டுதான் நகர முடிந்தது.

அதேபோல ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலுக்கு என்ன மதிப்பெண் போடுவது? அதற்கு நான் எழுதி வைத்திருப்பது இது:

"செகந்திராபாத். சந்திரசேகரன், கல்லூரிப் பையன், கிரிக்கெட். 1948இல் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் வருவதை ஒட்டிய நாட்கள். எதையும் உரக்கச் சொல்வதில்லை. கடைசிப் பக்கங்களுக்குப் பிறகு அன்று வேறெதுவும் படிக்கப் பிடிக்கவில்லை. மூன்றாம் அலமாரி, கீழ்த் தட்டு. அட்டை கழன்றிருக்கிறது, நூலகரிடம் சொன்னேன்."

இதைத் திரும்பப் படித்தால் நாவலும் வருகிறது, நான் உட்கார்ந்து படித்த இடமும் வருகிறது. நான்கு நட்சத்திரத்தைப் பார்த்தால் எனக்கு எதுவும் வராது.

பழைய நூலகர்

பணி ஓய்வு பெற்ற நூலகர் நான். கிளை நூலகங்களிலேயே காலம் கழிந்தது. வாசகர் பக்கத்துக் குறிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், மகிழ்ச்சி. புத்தகத்தின் பக்கமும் ஒரு குறிப்பு இருந்தது, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் தவணைத் தாளைப் பார்த்திருப்பீர்கள். திருப்பித் தர வேண்டிய தேதியை அதில் முத்திரை குத்துவோம். தாள் நிறைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டுவோம். நன்றாக ஓடும் நாவலில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துப் போயிருக்கும். பரீட்சை மாதங்களில் இடைவெளி, மே மாதத்தில் நெருக்கமாகத் தேதிகள். ஒரு கதை படமாகிறது என்று செய்தி வந்தால், அடுத்த வாரமே அந்த நாவலின் தாளில் முத்திரைகள் கூடிவிடும். யார் எடுத்தார்கள் என்று தாளில் இருக்காது, எப்போதெல்லாம் எடுத்தார்கள் என்பது மட்டும் இருக்கும். அதுவே போதும் என்பது என் கருத்து. ஒருவர் என்ன படித்தார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயம்.

இப்போது கணினி வந்துவிட்டது. கோஹா போன்ற மென்பொருள் உள்ள நூலகங்களில், அந்த வசதியைத் திறந்து வைத்திருந்தால், நீங்கள் இதுவரை எடுத்த நூல்களின் பட்டியலை உங்கள் கணக்கிலேயே பார்க்கலாம். வேண்டாம் என்றால் அந்த வரலாற்றை வைத்திருக்காதபடி மாற்றவும் வழி உண்டு. உங்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். நீங்கள் எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் நூலகத்தில் பதிவாகிறது. பல வருடம் யாரும் தொடாத, பூச்சி அரித்த, தாள் பொடிகிற நூல்கள் ஒரு கட்டத்தில் கழிவுப் பட்டியலுக்குப் போகும். இடம் குறைவு, புது நூல்கள் வந்துகொண்டே இருக்கும், வேறு வழியில்லை. ஒரு நல்ல பழைய நாவல் அலமாரியில் நிலைக்க வேண்டுமென்றால் அதை யாராவது எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 'புத்தம் வீடு' போன்ற ஒன்றை நீங்கள் எடுத்தது, அடுத்தவருக்கு அது அங்கே இருப்பதற்கும் உதவி. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கென்று தந்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்பது. கணக்கு ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். அந்த ஒற்றை விதியை நினைத்துக்கொண்டுதான் நான் அலமாரி அடுக்குவேன். யாரும் எடுக்காத நாவல்களை வாரம் ஒருமுறை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைப்பேன். பாதியாவது வெளியே போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூலகப் புத்தகம் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம். அதன்படிதான் சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். இன்றைக்கு அது சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று இருக்கும். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த நாவல் இல்லையோ அதன் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் வாசகர் பரிந்துரைப் பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள். உங்கள் நோட்டில் கடைசிப் பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள்: தேடிக் கிடைக்காதவை. நான் பணியில் இருந்தபோது நூல் தேர்வுக்கு அப்படி வந்த சீட்டுகள்தான் பெரிய உதவி.

கயல்

ஐயா, எங்கள் வீட்டு ரசீதை எடுத்துப் பார்த்தேன். நூலக வரி இருக்கிறது! இத்தனை நாள் கவனித்ததே இல்லை.

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நாவல் படிக்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. நோட்டில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. கதைச் சுருக்கம் எழுத ஆரம்பித்தால் பரீட்சைக்குக் குறிப்பு எடுப்பதுபோல் ஆகிவிடுகிறது.

செவ்வந்தி

கயல், சுருக்கம் எழுதாதே. படிக்கும்போது எந்த இடத்தில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாயோ அந்த இடத்தை மட்டும் எழுது, பக்க எண்ணோடு. நூலகப் புத்தகத்தில் கோடு போடக் கூடாது என்பதால் அந்த ஒரு வரியை நோட்டில் அப்படியே பார்த்து எழுதிக்கொள். கையால் எழுதிய வரி நினைவில் நிற்கும். எதனால் அந்த நாவலை எடுத்தாய் என்பதையும் எழுது. யார் சொன்னார்கள், அட்டையைப் பார்த்தா, வேறொரு நாவலைத் தேடப் போய் இது கிடைத்ததா. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஒரு நாவல் இன்னொன்றுக்கு எப்படி அழைத்துப் போயிருக்கிறது என்று வழி தெரியும்.

கொக்குவில்

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் சின்னச் சின்ன வாசிகசாலைகள் நிறைய. பத்திரிகை வாசிக்கப் போகிறவர்கள் அப்படியே நாவலும் எடுத்து வருவார்கள். எழுபதுகளில் வீரகேசரி பிரசுரமாக ஈழத்து நாவல்கள் மலிவு விலையில் தொடர்ந்து வந்தன. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' எல்லாம் அந்தக் காலத்தில் கை மாறி மாறி வாசிக்கப்பட்டது. நெடுந்தீவுக் கரையும் மீன்பிடி வாடிகளும் அதில் கண்முன்னே நிற்கும்.

என்னுடைய அப்பாவுக்கு ஒரு பழக்கம். யாழ்ப்பாணம் பொது நூலகத்திலிருந்து எடுத்து வாசித்த நாவல்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். பெயர், ஆசிரியர், ஆண்டு மட்டும்தான், வேறு ஒரு சொல் இல்லை. 1981 ஜூன் முதலாம் திகதி அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகள், கையெழுத்துப் பிரதிகள், பழைய பத்திரிகைகள் பற்றி எல்லோரும் பேசுவார்கள், பேசத்தான் வேண்டும். அதோடு சாதாரண மனிதர் பின்னேரத்தில் வந்து எடுத்துப்போன நாவல்களும் எரிந்தன. அவற்றில் சிலவற்றுக்கு மறுபதிப்பே வரவில்லை.

கொப்பியில் உள்ள பெயர்களை நான் 'நூலகம்' இணையத்தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடினேன். 2005இல் தொடங்கிய தளம், இலங்கைத் தமிழ் நூல்களை மின்பிரதியாக்கி யாரும் வாசிக்க வைக்கிறார்கள். பல கிடைத்தன. கிடைக்காதவற்றின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய வீடுகளில் விசாரிக்கிறேன். அப்படி அகப்பட்ட ஒரு நாவலை மின்பிரதியாக்கக் கொடுத்தேன். ஆகவே எண்ணிக்கையா, நட்சத்திரமா என்ற கேள்வியில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு. இந்த நாலையும் தெளிவான எழுத்தில், மை கலையாத பேனாவால் எழுதுங்கள். மிச்சம் உங்கள் விருப்பம்.

மாசிவீதி

கொக்குவில் அண்ணா, இதைப் படித்ததும் என் நோட்டில் பதிப்பகத்துக்கும் ஆண்டுக்கும் பத்தி போட்டுவிட்டேன். பழைய வரிகளுக்கு நூலகத்திலேயே போய்ப் பார்த்து நிரப்பப் போகிறேன்.

தேக்கா

சிங்கப்பூரிலிருந்து. இங்கே தேசிய நூலக வாரியத்தின் கிளைகளில் தமிழ்ப் பிரிவு இருக்கிறது. ஒரு நூலை 21 நாள் வைத்துக்கொள்ளலாம், செயலியிலேயே புதுப்பிக்கலாம். தீவின் எந்தக் கிளையிலும் திருப்பிப் போடலாம். வசதிக்குக் குறைவில்லை. தமிழ் அலமாரிக்கு முன்னால் நிற்பவர்கள் கூடினால் இன்னும் நன்றாக இருக்கும். பழைய நூலகர் ஐயா சொன்னதுபோல நாம் எடுத்தால்தான் அது நிலைக்கும்.

குறித்து வைக்க, வாசகர்கள் படித்ததைப் பதிவு செய்யும் குட்ரீட்ஸ் தளத்தைப் பயன்படுத்துகிறேன். தமிழ் நாவல்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகவும் சிதறிக் கிடக்கும். ஆசிரியர் பெயரும் அப்படியே. ஒருவர் எழுதிய விமர்சனம் ஒரு பதிவில், இன்னொருவருடையது மற்றொன்றில். அங்கே தன்னார்வ நூலகர் என்று ஒரு பொறுப்பு இருக்கிறது, விண்ணப்பித்து வாங்கினால் சிதறிய பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கலாம், அட்டைப் படம் ஏற்றலாம். நான் சனிக்கிழமை காலைகளில் அதைச் செய்கிறேன். தமிழ் தெரிந்த பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பெரிய மாற்றம் வரும். விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

இன்னொரு யோசனை: செயலியில் எவ்வளவு எழுதினாலும் வருடத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குட்ரீட்ஸில் அதற்கு வசதி இருக்கிறது. நிறுவனங்கள் கை மாறும், விதிகள் மாறும். உங்கள் பட்டியல் உங்களிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

பொன்னிக்கரை

தேக்கா, சேர்த்துக்கொள்ளுங்கள். கல்கியிலிருந்தே தொடங்கலாம், அவருடைய பதிவுகள்தான் அதிகம் சிதறியிருக்கின்றன. நாட்டுடைமையாகி யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றான பிறகு ஏகப்பட்ட பதிப்பகங்கள் போட்டுவிட்டன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு.

நொய்யல்

செவ்வந்தி சொன்ன 'அஞ்ஞாடி' விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். நானும் தடிமனான நாவல்களைத் தள்ளித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் கணக்கை விட மாட்டேன், அதை மாற்றிக்கொள்கிறேன். நாவல் எண்ணிக்கைக்குப் பதிலாகத் தினம் அரைமணி நேரம். படித்த நாளுக்குக் காலண்டரில் ஒரு புள்ளி. மெல்லிய நாவலுக்கும் தடி நாவலுக்கும் ஒரே புள்ளிதான். பெரியவளிடம் சொன்னேன், "அப்ப நானும் புள்ளி வைக்கிறேன்"னு அவள் பேனாவைத் தனியாக எடுத்துக்கொண்டாள். சிவப்பு அவளுக்கு, நீலம் எனக்கு.

செவ்வந்தி

அக்கா, இது எனக்கும் பிடித்திருக்கிறது. எண்ணிக்கை பற்றி நான் சொன்னதில் இதற்கு மறுப்பே இல்லை.

முத்துநகர்

தூத்துக்குடிக்காரன் நான். இழை முழுவதும் படித்தேன். ஒரு வேண்டுகோள். எல்லோரும் அவரவர் ஊர் நூலகத்தில் ஒரே நாவலைத் தேடி எடுத்துப் படித்து, குறிப்பை இங்கே போட்டால் என்ன? நான் முன்மொழிவது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. எங்கள் ஊர் உப்பளத் தொழிலாளிகளைப் பற்றிய நாவல். அவர் உப்பளங்களுக்கு நேரில் வந்து, அந்த மக்களோடு பழகி எழுதியது. உப்பளத்தில் வேலை பார்த்த என் ஆச்சிக்கு நான் வாசித்துக் காட்டியபோது, வெயிலில் உப்பு வெளிச்சம் கண்ணைக் குத்துகிற இடம் வந்ததும் "மேல படி, மேல படி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆச்சி சொன்ன மூன்று திருத்தங்களையும் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அவர் பெயரோடு.

மாசிவீதி

நல்ல யோசனை. நான் தயார். இந்த மாதக் கடைசிக்குள் குறிப்பு போடுகிறேன். முத்துநகர், ஆச்சியின் திருத்தங்களையும் அப்போது சொல்லுங்கள், முதலில் வேண்டாம்.

கயல்

நானும். எங்கள் நூலகத்தில் இருக்குமா என்று தெரியவில்லை. எங்கே தேடுவது?

பழைய நூலகர்

நாவல் அலமாரியில் ஆசிரியர் பெயர் அகரவரிசையில் பாருங்கள் அம்மா. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண் போட்டு அடுக்கியிருந்தால் 894.8113, அதுதான் தமிழ்ப் புனைகதை. அலமாரியில் இல்லையென்றால் வெளியே போயிருக்கலாம், நூலகரிடம் சொல்லி முன்பதிவு செய்யுங்கள். அங்கே இல்லவே இல்லை என்றாலும் கவலை வேண்டாம். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இலேயே, அவர் இருக்கும்போதே, நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அதனால் மின்நூலாகவும் தேடலாம். ஆனால் முதலில் பரிந்துரைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனியும் பெரும்பாலும் இருக்காது. ஞாயிறு காலை போனால் நூலகருக்கும் பேச நேரம் இருக்கும்.